ஈகைக்கு முந்திய கடன்: டால்ஸ்டாயின் ‘மனிதர் எதனால் வாழ்கின்றனர்’ – ஒரு திறனாய்வு

கிறிஸ்தவ ஈகையைப் பற்றிய பிரசங்கங்களில் லியோ டால்ஸ்டாயின் ‘மனிதர் எதனால் வாழ்கின்றனர்’ என்னும் சிறுகதை எடுத்தாளப்பெறுவது புதிதன்று. 1879ஆம் ஆண்டில் தாம் சந்தித்த வாய்மொழிக் கதைசொல்லி ஒருவரிடம் கேட்ட பழங்கதையைத் தம் நடையில் வடித்து, 1881இல் சிறுவர் இதழொன்றில் ஆசிரியர் அதனை வெளியிட்டார். ஏழைத் தொழிலாளி ஒருவன் குளிரில் கிடந்த அந்நியனுக்குத் தன் மேலாடையைக் கொடுத்தான், அந்நியன் தேவதூதனாயிருந்தான், ஏழையின் குடும்பம் செழித்தது என்று நாம் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். அவ்வாறு சுருக்கும்போது கதையின் நடுவே எழும் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. அக்கேள்வியின் பொருட்டே திருச்சபை இக்கதையை மீண்டும் வாசிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

கதைத்தலைவன் செம்யோன் காலணி தைக்கும் தொழிலாளி. அவனுக்குச் சொந்த வீடும் இல்லை, நிலமும் இல்லை. குடியானவன் ஒருவனின் குடிசையில் மனைவி மக்களோடு ஒண்டி வாழ்கிறான். உணவு விலை ஏறியிருக்கிறது. உழைப்பின் விலையோ இறங்கியிருக்கிறது. ரஷ்ய நாட்டுக் கடுங்குளிருக்குக் கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரே ஆட்டுத்தோல் மேலங்கிதான் உண்டு, அதுவும் கந்தலாகிவிட்டது. புதியது தைக்க வேண்டுமென்று இரண்டாம் ஆண்டாக எண்ணிக்கொண்டிருக்கிறான். மனைவி மத்ரியோனாவின் பெட்டியில் இருப்பது 3 ரூபிள். வாடிக்கையாளரிடமிருந்து அவனுக்கு வர வேண்டியது 5 ரூபிள் 20 கோபெக். அதைப் பெற்றுத் தோல் வாங்கிவரப் புறப்படுகிறான். ஒரு வீட்டில், தலைவன் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார்கள். மற்றொருவன் 20 கோபெக் மட்டும் தந்து கையை விரிக்கிறான். தோல் வணிகனும் கடன் கொடுக்க மறுக்கிறான். கிடைத்த 20 கோபெக்குக்கும் வோட்கா குடித்துவிட்டு அவன் திரும்புகிறான்.

இத்தொகைகளை ஆசிரியர் வீணாகக் குறிக்கவில்லை. செம்யோனின் குளிர்காலத்தைக் கொடியதாக்கியது பனி மட்டுமன்று. பிறர் செலுத்தாத கடனும் ஆகும். அவன் அன்று இரக்கச் செல்லவில்லை. செய்த வேலைக்குக் கூலி கேட்கச் சென்றான். வீடும் கால்நடையும் உடையவர்கள் பணமில்லை என்கிறார்களே, ஒவ்வொரு தானியத்தையும் விலைக்கு வாங்கி உண்ணும் நான் என் செய்வேன் என்று வழியில் அவன் பொருமுவதையும் ஆசிரியர் பதிவுசெய்கிறார்.

அத்தகைய மனநிலையில் வருகிறவன் சாலைத் திருப்பத்திலுள்ள சிற்றாலயத்தின் பின்புறம் ஆடையின்றிச் சாய்ந்திருக்கும் மனிதனைக் காண்கிறான். ஆலயச் சுவர் அவனுக்குச் சாய்மானமாயிற்றே அன்றிப் புகலிடமாகவில்லை என்பதை ஆயர்களாகிய நாம் கடந்து போகலாகாது. செம்யோனும் முதலில் அஞ்சி விலகியே செல்கிறான். சிறிது தூரம் போனபின் மனச்சாட்சி உறுத்தத் திரும்பி வருகிறான். தன் மேலாடையையும், செப்பனிடுவதற்காகப் பெற்றுவந்த கம்பளிக் காலணியையும் அவனுக்கு அணிவித்து வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். வெள்ளிக்கிழமை வரையில் வரும் என்று எண்ணி வைத்திருந்த ரொட்டித் துண்டை, கோபம் தணிந்தபின், மத்ரியோனாவும் விருந்தினன் முன் வைக்கிறாள்.

அன்றிரவு அவளுக்கு உறக்கம் வரவில்லை. நாம் கொடுக்கிறோமே, நமக்கு ஏன் ஒருவரும் கொடுப்பதில்லை என்று கணவனைக் கேட்கிறாள். அவனுக்கு விடை தெரியவில்லை. பேச்சை முடித்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுகிறான். மறுநாள் காலையில் அவள் அண்டை வீட்டிற்குச் சென்று ரொட்டி கடன் வாங்குகிறாள். இதுவே நாம் விட்டுவிடும் கேள்வி. இது நம்பிக்கையின்மையிலிருந்து எழுந்ததன்று. கடைசி ரொட்டியைக் கொடுத்து முடித்த பின்னரே அவள் இதைக் கேட்கிறாள் என்பது கவனிக்கத்தக்கது.

கதையின் இறுதியில் தேவதூதன் மிகாவேல் தான் கற்ற மூன்று உண்மைகளை விளக்குகிறான். மனிதருக்குள் அன்பு குடிகொண்டிருக்கிறது. தன் உடலுக்கு எது தேவை என்பதை அறிய மனிதனுக்கு அருளப்படவில்லை. தன்னைப் பற்றிய கவலையினால் அன்று, அன்பினாலேயே மனிதர் வாழ்கின்றனர். தாயிழந்த இரட்டைக் குழந்தைகளை அண்டை வீட்டுப் பெண் பாலூட்டி வளர்த்த நிகழ்ச்சி மூன்றாம் உண்மைக்குச் சான்றாகிறது. இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மத்ரியோனாவின் கேள்விக்கு இவை விடையாகா. தனக்குத் தேவையானதை அவள் நன்றாகவே அறிந்திருந்தாள். அவளுக்கு ஒரு மேலங்கி தேவை. மிகாவேலின் கைத்திறனால் பின்னர் அக்குடும்பம் வசதி பெற்றதும் விடையன்று. தேவதூதன் வந்து தங்காத குடிசைகளுக்கு அது பொருந்தாது. அழகிய பேருரை ஒன்றின் ஒளியில் கடன்காரர்கள் கதையிலிருந்து மெல்ல மறைந்துவிடுகிறார்கள். இதுவே இப்படைப்பின் குறை எனலாம்.

இறையியல் நோக்கில் மற்றொரு குறையும் உண்டு. டால்ஸ்டாய் கதையின் முகப்பில் யோவானின் முதலாம் நிருபத்திலிருந்து 3, 4ஆம் அதிகார வசனங்கள் சிலவற்றை அமைத்துள்ளார். 3ஆம் அதிகாரத்தில் 14, 17, 18ஆம் வசனங்கள் உள்ளன. கிறிஸ்து நமக்காகத் தம் உயிரைக் கொடுத்ததைக் கூறும் 16ஆம் வசனம் இல்லை. 4ஆம் அதிகாரத்திலும், தேவன் தம் குமாரனை அனுப்பியதைக் கூறும் 9, 10ஆம் வசனங்களும், அவர் முந்தி அன்புகூர்ந்ததைக் கூறும் 19ஆம் வசனமும் இடம்பெறவில்லை. கிறிஸ்துவின் தெய்வீகத்தை ஏற்காத ஆசிரியரிடம் இது வியப்பன்று. ஆனால் விளைவு பெரிது. நாம் முதலில் பெற்றவர்கள், ஆகவே கடன்பட்டவர்கள் என்னும் உணர்வு நீங்கினால், ஈகை கொடுப்பவனின் உயர்குணமாகிவிடும். பெறுபவன் அவனுடைய நற்குணத்தை நம்பி நிற்பவனாகிவிடுவான்.

கதை விட்டுச்சென்ற விடையை ஆசிரியரின் வாழ்க்கை பத்தாண்டுகளுக்குப்பின் தேடியது. 1891இல் வால்கா ஆற்றுப் பகுதியிலும் மத்திய ரஷ்யாவிலும் விளைச்சல் பொய்த்தது. பணம் திரட்டி உதவுவதால் பயனில்லை என்று முதலில் கருதிய டால்ஸ்டாய், பஞ்சப் பகுதியை நேரில் கண்டபின் மனம் மாறி, ரியாசான் மாகாணத்துப் பெகிச்செவ்கா என்னும் ஊரில் தங்கி உணவுச்சாலைகள் அமைத்தார். அவை குடியானவரின் குடிசைகளிலேயே நடைபெற்றன. 1892ஆம் ஆண்டுக் கோடைக்குள் அவை 200க்கு மேற்பட்டவையாகப் பெருகி, நாள்தோறும் 10,000க்கு மேற்பட்டோருக்கு உணவளித்தன. குளிர்காலத்திற்கான எரிபொருளும், உழவுக் குதிரைகளுக்குத் தீனியும், விதைத் தானியமும் ஏற்பாடு செய்யப்பெற்றன. உடலுக்கு எது தேவை என்பதைக் கணக்கிட்டறிவதும் அன்பின் கடமையே என்பதை இங்கு அவர் செயலால் ஒப்புக்கொண்டார். மேலும், உழவரின் உழைப்பை உண்டு மேல்வகுப்பார் நிறைவு பெற்றிருப்பதே உழவரின் பசிக்குக் காரணம் என்று அக்காலத்தில் எழுதினார். செம்யோனின் 5 ரூபிள் எங்கே சிக்கியிருந்தது என்பதற்கு இது விடையாகும்.

திருமறை இவ்விடையை முன்னரே அறியும். அடகாகப் பெற்ற ஏழையின் போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது யாத்திராகமம் (22:26, 27). கூலியை அன்றன்றே கொடுக்கக் கட்டளையிடுகிறது உபாகமம் (24:15). எருசலேமிலுள்ள ஏழை விசுவாசிகளுக்குக் காணிக்கை திரட்டிய பவுல், புறஇனத்துச் சபைகள் அவர்களுக்குக் கடன்பட்டவை என்றே வாதிடுகிறார் (ரோமர் 15:26, 27). கொடிய வறுமையிலிருந்த மக்கெதோனியர் தாராளமாகக் கொடுத்ததைப் பாராட்டும்போதும், சிலருக்கு நெருக்கமும் சிலருக்கு இளைப்பாறுதலும் உண்டாவது தம் நோக்கமன்று, சமநிலையே வேண்டும் என்கிறார் (2 கொரி. 8:2, 13, 14). ஏழையின் ஈகையைப் போற்றிவிட்டு அவனுக்குரியதைத் தராதிருக்கும் வழியை அவர் அடைத்துவிடுகிறார்.

எனவே இக்கதையைப் பிரசங்கிக்க விரும்பும் மாணவர் இரண்டு பகுதிகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செம்யோன் மேலாடையைக் கொடுத்தது நற்செய்திக்கு இசைந்தது. அவனுக்கு மேலங்கி இல்லாமற்போனது நியாயத்தீர்ப்புக்குரியது. கிறிஸ்துமஸ் காலத்தில் ஆடைகளும் போர்வைகளும் வழங்கும் சபை, தன் ஆலயத்தைப் பெருக்குபவருக்கும் காவல் காப்பவருக்கும் உரிய ஊதியம் நிலுவையின்றிக் கொடுக்கப்பட்டுள்ளதா என்று முதலில் கணக்கேட்டைப் பார்க்கட்டும். சிறையிலிருந்த பவுல், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படியும், குளிர்காலத்திற்கு முன்னரே வரும்படியும் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (2 தீமோ. 4:13, 21). அவர் கேட்டது தம்முடைய மேலங்கியையே. அது காலத்தோடு வந்து சேர வேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோள்.