கோலத்தை மூன்று மொழியில் சொல்லிப் பாருங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் கடலூர் முதுநகர்த் தெருக்களிலும் சிதம்பரத்தில் தேரோடும் வீதிகளிலும் வாசலுக்கு வாசல் இந்தப் பேச்சுதான்: “15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி.” இதைவிடக் கச்சிதமான நிரலை நான் பார்த்ததில்லை. நடுவரிசையில் 15 புள்ளி. மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8இல் நிற்கும். அறுகோணக் கட்டம் முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிட்டது.

புது நிரல்மொழி கற்றால் யோசனை மாறுமா என்று கேட்பவர்கள், சிக்குக்கோலத்தைக் கணினியில் எழுதிப் பார்க்கலாம்.

பைத்தானில், சொன்னபடி நகர்ந்து கோடு இழுக்கும் ‘ஆமை’யை (turtle) விட்டு வரைந்தால் விரல்நுனியின் பார்வை வரும். முன்னே போ, வளை, புள்ளியைச் சுற்று. மாவு உதிரும் வரிசைதான் நிரலின் வரிசை.

ஹாஸ்கெலுக்குப் போனால் கை மறைந்துவிடும். கோலத்துக்குள் அதே கோலம் இருப்பது தெரியவரும். ஆய்வாளர்கள் ‘கண்ணனின் கொலுசு’ என்று குறிப்பிடும் கோலத்துக்கு ஒரே விதி போதும்: ஒரு குறி இருந்த இடத்தில் அதே குறி நான்கு வரட்டும். இரண்டில் தொடங்கி 8, 32, 128 என்று பெருகுகிறது. என்ன அழகு!

புரோலாகில் வரையும் வழியைச் சொல்வதே இல்லை. எந்தப் புள்ளியும் விடுபடக் கூடாது, கோட்டுக்கு நுனி இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டு, பொருந்துவதைத் தேடச் சொல்கிறோம். பார்த்த மாத்திரத்தில் “எங்கேயோ இழை விட்டுப்போச்சு” என்கிற பாட்டியின் கண் அது.

1974இல் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களை இலக்கண விதிகளால் விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தினமும் எல்லோரும் தாண்டிப் போகும் கோலம்தான். முறைசார் மொழிக் கோட்பாடு கைவசம் இருந்ததால் அவர்களுக்கு அதில் இலக்கணம் தெரிந்தது.

சி தெரிந்தவர் ஜாவா கற்றால் இந்தக் கோலத்தில் பெரிதாக எதுவும் மாறாது. அதே சுழற்சியை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுவார். யோசிக்கும் விதத்தைத் தொடாத மொழியைக் கற்பதில் பயனில்லை என்று 1982இலேயே கணினி அறிவியலாளர் ஆலன் பெர்லிஸ் எழுதிவிட்டார். ஆகவே, அடுத்து ஒரு மொழி கற்பதானால், கைப்பழக்கம் செல்லுபடியாகாத மொழியாகப் பார்த்து எடுங்கள்.