உட்கார்ந்து குடிப்பது

மன்னவனூர் ஏரிக்கரையில் வைத்துத்தான் நண்பன் அதைச் சொன்னான். பெங்களூரில் என்னோடு வேலை பார்ப்பவன். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக முப்பத்தைந்து கிலோமீட்டர் வளைந்து வளைந்து வந்து, ஒரு வாரம் இங்கிருந்தே வேலை செய்வதாகத் திட்டம். சாயங்காலம் ஐந்து மணிக்கே குளிர் இறங்கிவிட்டது. "மச்சி, இந்த எடத்துல ஒரு ப்ரூபப் இருந்தா எப்படிடா இருக்கும்!"

கூட வந்திருந்த வீட்டுக்காரர் கேட்டார். "அது என்ன தம்பி?"

"அங்கேயே பீர் காய்ச்சி, அங்கேயே உட்கார்ந்து குடிக்கிற எடம்ணே."

அவர் கொஞ்சம் யோசித்தார். "காய்ச்சுறது சரி. உட்கார்ந்தா?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இந்தியாவில் ப்ரூபப்புக்கு வயது அதிகமில்லை. 2009இல் புனேயில் டூலாலி, 2010இல் பெங்களூர் இந்திராநகரில் டாய்ட். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாய்ட்டுக்குப் போனேன். அதுவரை பீர் என்றால் எனக்குக் கசப்பு, அவ்வளவுதான். நம்மூர் கடையில் பீர் வாங்குகிறவன் கேட்பது இரண்டே கேள்வி: ஸ்ட்ராங்கா, கூலிங் இருக்கா? நாக்கு மரத்துப் போகிற குளிரில் எந்த பீருக்கும் ருசி இருக்காது. இங்கே வந்த கோதுமை பீர் கலங்கலாக இருந்தது. வாழைப்பழ வாசனை, பின்னாலேயே லேசாகக் கிராம்பு. பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை. இரண்டுமே ஈஸ்ட் செய்கிற வேலை. நொதிக்கும்போது அது உண்டாக்கும் ஐசோஅமைல் அசிடேட்தான் வாழைப்பழத்திலும் இருக்கிறது. வடிகட்டாததால் ஈஸ்ட்டும் கோதுமைப் புரதமும் மிதந்து கலங்கல் தெரிகிறது. உயிருள்ள ஒன்றைக் குடிக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருப்பது பீர் அல்ல, பக்கத்து மேஜை. நரைத்த தலையோடு ஒருவர், எதிரில் அவர் மகள். அலுவலகக் கதை ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது கிளாஸ் முடிந்ததும் அவர் கையைத் தூக்கி சர்வரைக் கூப்பிடப் போனார். மகள் தமிழில் சொன்னாள், "போதும்ப்பா." அவர் கையை இறக்கிவிட்டார்.

என் அப்பா குடித்து நான் பார்த்ததே இல்லை. குடித்துவிட்டு வந்துதான் பார்த்திருக்கிறேன். கடைக்குப் பக்கத்துச் சந்தில் நின்றபடி, ஒரு தண்ணீர் பாக்கெட், ஒரு பிளாஸ்டிக் டம்ளர், அதிகம் போனால் ஐந்து நிமிடம். தெரிந்தவர் யாராவது வந்துவிடுவார்களோ என்ற அவசரம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீதம் ஆல்கஹால். இன்ஜினியர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஐந்து சதவீத பீரில் அரை லிட்டர் கிளாஸ் மூன்று குடித்தால் 75 மில்லி. ப்ரூபப்பில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து உள்ளே போவதை அப்பா ஐந்து நிமிடத்தில் இறக்கியிருக்கிறார். அவருக்குப் "போதும்" என்று சொல்ல யாரும் அங்கே இல்லை. எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தானே அந்தச் சந்தே.

தமிழ்நாட்டின் மதுவரலாற்றைத் தேதிகளாக எழுதிவிடலாம். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1948இல் மாகாணம் முழுக்க. 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. எல்லாம் திறப்பதும் மூடுவதும்தான். குடிக்கிறவன் யாரோடு, எங்கே, எவ்வளவு நேரம் இருப்பான் என்று எந்தத் தேதியிலும் யாரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. அதியமான் இறந்தபின் ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டு, 235ஆவது, முதலில் நினைப்பது கள்ளைத்தான். கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்கிறாள். அவள் இழந்தது கள்ளை அல்ல, எதிரில் இருந்தவனை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ப்ரூபப்புக்குக் கொடி பிடிக்க என்னால் முடியாது. 'லோக்கல் பீர்' என்று பலகை வைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் நல்ல மால்ட்டும் ஹாப்ஸும் கப்பலில் வருபவை, தண்ணீர்தான் உள்ளூர். மலைக்கு பீர் புதிதும் அல்ல. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் குளிரைத் தேடி வெள்ளைக்காரன் நீலகிரியில் காய்ச்சினான். 1857ஆம் ஆண்டின் காசில் ப்ரூவரியையும் வேறு நான்கையும் சேர்த்துத்தான் 1915இல் யுனைடெட் ப்ரூவரீஸ் உருவானது. அந்த பீர் யாருக்காகக் காய்ச்சப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. இப்போது அந்த இடத்தில் நாங்கள். பூண்டு வயலில் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். நாங்கள் இருவர் பெங்களூரில் ஒரு மாலைக்குக் கட்டும் பில் அதில் ஒரு வாரத்துக்கும் மேல். மன்னவனூர் ஏரிக்கரையில் ப்ரூபப் வந்தால் இந்த ஊர்க்காரர் அதில் வாட்ச்மேனாக நிற்பார். உட்காரமாட்டார்.

அப்படியானால் வெளியிலிருந்து வந்தது இங்கே வேர்பிடிக்கவே பிடிக்காதா? காலையில் ஆட்டுப் பண்ணைக்குப் போயிருந்தோம். மத்திய ஆராய்ச்சி நிலையம் அங்கே வளர்ப்பது பாரத் மெரினோ. வெளிநாட்டு ரம்பூலே, மெரினோ ஆடுகளை சோக்லா, நாலி மாதிரி ராஜஸ்தான் ஆடுகளோடு கலந்து உருவாக்கிய இனம். இந்தச் சரிவில் அது சாதாரணமாக மேய்கிறது. கலந்தால் பிடிக்கும். அப்படியே இறக்கி வைத்தால் அலங்காரம்தான்.

அன்றிரவு, கொடைக்கானலில் வாங்கி வந்த பாட்டில்களைத் திண்ணையில் வைத்துத் திறந்தோம். மலைகளில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய். உயர் நீதிமன்றம் தலையிட்டு 2022இல் நீலகிரியில் தொடங்கிய ஏற்பாடு. உடைந்த கண்ணாடி யானைக் காலில் குத்துகிறது என்பதுதான் காரணம். வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். "வேணாம் தம்பி, உள்ள அவ இருக்கா" என்றார்.

நான் என் தத்துவத்தை எடுத்துவிட்டேன். ஒளிஞ்சு குடிக்கிறதுதாண்ணே கெடுதல், வீட்டாள் முன்னால உட்கார்ந்து அளவா குடிச்சா...

உள்ளிருந்து அந்த அக்கா வந்து நிலைப்படியில் நின்றார். "எங்கண்ணன் உட்கார்ந்துதான் தம்பி குடிச்சான். எந்திரிக்கவே இல்ல."

சட்டென்று எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. பிறகு கேட்டேன், "கூட யாருக்கா இருந்தா?"

"யாரு இருப்பா? நாங்கதான் வீட்டுக்குள்ள சேர்க்கலையே."

அவர் அதைக் குற்ற உணர்ச்சியோடு சொல்லவில்லை. சேர்த்திருந்தால் பிழைத்திருப்பான் என்றும் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். குடியின் கணக்கைக் கடைசிவரை கட்டியவர்கள் அந்தப் பெண்கள், அவர்களுக்கு நாற்காலியின் அழகியலைப் பற்றி நான் வகுப்பெடுக்க முடியாது. ஆனால் டாய்ட்டில் அந்த மகள் சொன்ன ஒற்றைச் சொல் எனக்கு மறக்கவில்லை. அதைச் சொல்ல அவள் எதிரில் இருந்தாள். இருக்க முடிகிற மாதிரி ஓர் இடம் இருந்தது. நாம் ஐம்பது வருடமாகக் கட்டியவை கடைகள்.

கிளம்பும்போது கொடைக்கானலில் நான்கு பாட்டில்களைக் கொடுத்து நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டோம். கவுன்டருக்கு வெளியே ஒருவர் நின்றபடி அவசரமாகக் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.