மழைக்கு முன் போட வேண்டிய ஊசி

"ஊசி போட்டும் காய்ச்சல் வந்துடுச்சே டாக்டர்." ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளிகளும் ஆஸ்துமாக்காரர்களும் சில வாரங்களில் திரும்பி வந்து சொல்லும் இந்தக் குறையைத் தள்ளிவிட முடியாது. நீண்டநாள் நோயுள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பல நாடுகளில் அரசே இலவசமாகப் போடுகிறது. ஆனால் அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதை ஊசி போடும் இடத்தில் பொறுமையாகச் சொல்வது அரிது. சளி பிடிக்காமல் இருக்க ஒரு ஊசி என்று நினைத்துப் போட்டுக்கொண்டவர் முதல் தும்மலிலேயே நம்பிக்கை இழக்கிறார். அடுத்த ஆண்டு வருவதில்லை.

சளிக்கும் காய்ச்சலுக்கும் காரணமான வைரஸ்கள் எத்தனையோ. இந்த ஊசி இன்ஃப்ளூயன்ஸா வைரஸை மட்டுமே குறிவைக்கிறது. அதையும் முழுமையாகத் தடுப்பதில்லை. சேர்மானம் நன்கு பொருந்திய ஆண்டுகளில் மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. பொருந்தாத ஆண்டில் நிலைமை மோசம்: 2014-15 பருவத்தில் அமெரிக்காவில் அது 19 சதவீதமாகச் சரிந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் எந்த வைரஸ் வகைகளைச் சேர்ப்பது என்பதை ஏறக்குறைய ஆறு மாதம் முன்பே முடிவுசெய்தாக வேண்டும். வட அரைக்கோளத்துக்கான முடிவு பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்கானது செப்டம்பரில். பெரும்பாலான ஊசி மருந்து இன்னமும் கோழிமுட்டையில் வளர்த்த வைரஸிலிருந்தே தயாராகிறது. அது தயாராகி வருவதற்குள் வைரஸ் உருமாறிவிடலாம். எச்3என்2 வகை இதில் கெட்டிக்காரன். முட்டையில் வளரும்போதே வைரஸ் சற்று மாறிப்போவதும் உண்டு.

இவ்வளவு ஓட்டைகள் உள்ள ஊசியை ஏன் போட வேண்டும்? என் பதில் நுரையீரலில் தொடங்கவில்லை, இதயத்தில் தொடங்குகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு கூடுகிறது என்று காட்டியது. காய்ச்சலின்போது உடல் முழுவதும் அழற்சி பரவுகிறது, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, இதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே அடைப்புள்ள ரத்தக்குழாய்க்கு இந்தச் சுமை அதிகம். சர்க்கரையும் பிரஷரும் இருபது ஆண்டுகளாக அரித்து வைத்ததை ஒரு வாரக் காய்ச்சல் முடித்துவைத்துவிடலாம். அந்த மரணம் மாரடைப்பு என்றே பதிவாகும். ஃப்ளூ என்று யாரும் எழுதப்போவதில்லை.

இதைத் தடுக்க முடியுமா என்று நேரடியாகச் சோதித்தும் பார்த்தார்கள். வங்கதேசம் உட்பட எட்டு நாடுகளில், பெரும்பாலும் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்த 2,571 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு ஃப்ளூ ஊசியும் பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். ஓராண்டுக்குள் உப்புநீர்க் குழுவில் 4.9 சதவீதம் பேர் இறந்தனர். ஊசிக் குழுவில் 2.9 சதவீதம். கோவிட் குறுக்கிட்டதால் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே நின்றுபோன ஆய்வு அது, ஆகவே இந்த எண்களைச் சற்று நிதானத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் இந்தியா உட்படப் பத்து நாடுகளில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், முதன்மையாக எதிர்பார்த்த பலன் உறுதிப்படவில்லை. ஆனால் நிமோனியாவும் மருத்துவமனை அனுமதியும் கணிசமாகக் குறைந்தன. ஊசியின் தரப்பில் பேசுகிறவர்கள் முதல் ஆய்வை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் ஊசியின் பக்கமே தட்டு தாழ்கிறது.

குலுக்கல் முறையில் நடக்காத ஆய்வுகளை எடுத்துக்கொண்டு இந்த ஊசிக்கு அதீதப் புகழ் சூட்டிய காலமும் இருந்தது. முதியோர் மரணத்தை அது பாதியாகக் குறைக்கிறது என்றுகூடச் சொன்னார்கள். 2006-இல் சியாட்டிலிலிருந்து வந்த ஓர் ஆய்வு அந்தக் கணக்கின் அடித்தளத்தையே ஆட்டியது. ஃப்ளூ பருவம் தொடங்குவதற்கு முன்பே, அதாவது ஊசியால் எந்தப் பயனும் கிடைத்திருக்க முடியாத மாதங்களிலேயே, ஊசி போட்டவர்கள் குறைவாக இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் எளிது: நடமாட்டமும் கவனிப்பும் உள்ளவர்களே ஊசி போட வருகிறார்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர் வருவதில்லை.

இந்த வழக்கத்தின் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம் ஊசி குறைவாகச் சேர்கிறது. சேர்ந்தாலும் குறைவாக வேலை செய்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர் ஆகியோரின் உடல் போதுமான எதிர்ப்பொருளை உருவாக்கத் திணறுகிறது. மூட்டு நோய் கட்டுக்குள் இருந்தால், ஊசி போட்ட பின் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவைக்கலாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாத காரியம் இது. ஆனால் நோயாளி அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

பக்கவிளைவு பற்றிய பயத்தை நீட்டிப் பேச வேண்டியதில்லை. கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஊசியே ஃப்ளூவைக் கொண்டுவராது. ஓரிரு நாள் கைவலியும் உடல்சூடும் இருக்கலாம். கில்லன்-பாரே என்னும் நரம்புப் பாதிப்பு பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்குக் கூடுதலாக வரக்கூடும்.

நம் ஊருக்கு வந்தால் சிக்கல் நாட்காட்டியிலிருந்தே தொடங்குகிறது. இந்தியா முழுவதற்கும் ஒரே ஃப்ளூ பருவம் கிடையாது. ஸ்ரீநகரில் குளிர்காலத்தில் உச்சம். டெல்லியிலும் கொல்கத்தாவிலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில். ஊசி போட்டு எதிர்ப்பு உருவாக இரண்டு வாரமாகும். அடுத்த சில மாதங்களில் அது தேயத் தொடங்கும். இங்கிலாந்தில்கூட இதை எண்ணியே 2024-இல் பெரியவர்களுக்கான ஊசியைச் செப்டம்பரிலிருந்து அக்டோபருக்குத் தள்ளினார்கள். தமிழ்நாட்டுக்காரர் ஏப்ரலில் போட்டுக்கொண்டால் ஐப்பசி மழைக்குள் பாதுகாப்பு பாதி கரைந்திருக்கலாம். நவம்பரில் ஊரெல்லாம் காய்ச்சல் வந்தபின் ஓடினால் தாமதம். ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் வரையே நமக்கு ஏற்ற காலம் என்பது என் கணிப்பு. மருந்துக்கடை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தரும் பெட்டியில் காலாவதித் தேதியோடு எந்த ஆண்டின், எந்த அரைக்கோளத்தின் சேர்மானம் என்பதும் அச்சாகியிருக்கும். வாங்குகிறவர் அதையும் பார்க்க வேண்டும்; பழைய பருவத்துச் சரக்காக இருந்தால் மறுத்துவிடலாம்.

விலை அடுத்த தடை. தனியாரிடம் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய் ஆகும் ஊசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளச் சொல்வது, மாத்திரையை அரசு மருத்துவமனையில் வாங்கும் குடும்பத்துக்குப் பொருந்தாத அறிவுரை. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. இலவசமாகக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. இங்கிலாந்தில் நீண்டநாள் நோயுள்ள, 65 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேரே போட்டுக்கொள்கிறார்கள். 65 தாண்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் போட்டுக்கொள்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில் சுகர் உள்ளவர், வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்வரை தன்னை நோயாளியாகவே நினைப்பதில்லை. 10 கோடிக்கு மேல் நீரிழிவாளர்கள் உள்ள இந்தியாவில் அவரைப் போன்றவர்கள் ஏராளம்.

அத்தனை பேருக்கும் ஒரே ஆண்டில் ஊசி போடுவது நடக்கிற காரியமல்ல. தேவையும் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. முப்பது வயதில், கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவோடு வாழ்பவரும் எழுபது வயது டயாலிசிஸ் நோயாளியும் "ஆபத்துக் குழு" என்ற ஒரே பட்டியலில் இருப்பது கையில் உள்ள ஊசியைப் பங்கிட உதவாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. யாருக்கு என்ன நோய் என்ற பட்டியல் அரசின் கையில் இருக்கிறது. ஆனால் இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் வைக்க வேண்டிய ஊசியை மாத்திரைப் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போக முடியாது. ஆகவே, குளிர்பெட்டி ஏற்கெனவே இருக்கும் இடங்களுக்குத் தாமாகவே வருகிறவர்களிடம் முதலில் தொடங்கலாம். டயாலிசிஸ் நோயாளிகள் வாரத்தில் இரண்டு, மூன்று முறை ஒரே படுக்கைக்கு வந்து நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார்கள். மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர்கள் வீடு திரும்பும் முன் சில நாட்கள் வார்டில் இருக்கிறார்கள். இந்த இரு குழுக்களுக்கும் செப்டம்பர் மாதத்தில் இலவச ஊசி என்று ஓர் ஆணை போட்டால், வீடு வீடாகத் தேடிப் போக வேண்டிய அவசியமே இருக்காது.