சேரிச் சொல்லும் சபைச் செவியும்

“பாட்டா இது? கூச்சல்! பண் இல்லை, பாவம் இல்லை. படபடவெனப் பொரிந்து தள்ளுவதெல்லாம் இசையாகிவிடுமா?” — சொல்லிசை எனப்படும் ராப் பாட்டைப் பற்றிக் கேட்டால், சபாக்களின் முன்வரிசையில் அமர்ந்து தலையசைத்துப் பழகிய பெரியவர்கள் தரும் விடை இது. விடை புதியதன்று, தோழர்களே! தமிழில் பாடினால் சங்கீதத்தின் தூய்மை கெட்டுவிடும் என்று கூறிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் கூற்றை எதிர்த்துக் கிளம்பியதுதான் தமிழிசை இயக்கம்; 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் அமைந்ததும் அதன் விளைவே. அன்று வாயிற்படியில் நிறுத்தப்பட்டது மொழி. இன்று நிறுத்தப்படுவது, அந்த மொழியைப் பேசும் ஒரு சாராரின் வாய்!

பெரியவர்கள் இருக்கட்டும். இந்தப் பாட்டில் மனத்தைப் பறிகொடுத்த இளைஞர்கள் என்ன செய்கிறார்கள்? பட்டியல் போடுகிறார்கள். உலகிலேயே உயர்ந்த சொல்லிசைப் பாட்டு எது? நியூயார்க் பாணியா, கலிபோர்னியா பாணியா, அட்லாண்டா பாணியா? கோலாலம்பூரா, கோவையா, வடசென்னையா? வாதம் நள்ளிரவைத் தாண்டுகிறது. வாதத்துக்கு அடிப்படையோ, எத்தனை கோடிப் பேர் கேட்டார்கள் என்ற கணக்கு! கோயில் கூட்டத்தைக் காட்டிக் கடவுளை மெய்ப்பிக்க வருபவரிடம் நாம் தரும் மறுமொழி என்ன? கூட்டம் உண்மைக்குச் சான்றாகாது என்பதுதானே! பாட்டுக்கு மட்டும் அந்த நியாயம் மாறிவிடுமா?

2012-இல் அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் ஐம்பது சொல்லிசைப் பாடல்களை வரிசைப்படுத்தியபோது ‘தி மெசேஜ்’ முதலிடம் பெற்றது. 2019-இல் பி.பி.சி. நடத்திய வாக்கெடுப்பில் ‘ஜூசி’ முதலிடம் பெற்றது. முன்னது வறுமையின் படப்பிடிப்பு. பின்னது வறுமையைத் தாண்டி வாழ்வு கண்டவனின் களிப்பு. இரண்டும் நல்ல பாட்டுகளே. பின் முதலிடம் மாறியது ஏன்? அளந்த கோல் மாறியது. ஆகவே பட்டியலுக்கு முன் கோலைப் பற்றிப் பேசுவோம்.

இந்தக் கலை பிறந்த இடம் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி. பெருஞ்சாலை ஒன்று போடுவதற்காக அப்பகுதியின் நெஞ்சைப் பிளந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர், வசதி படைத்தோர் வெளியேறினர், எஞ்சி நின்றோர் கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும். அங்கே 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூவில் 1520 எண்ணுள்ள குடியிருப்பில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்து இளைஞர் கூல் ஹெர்க் ஒரு விருந்துக்கு இசைத்தட்டுச் சுழற்றினார். பள்ளி திறக்குமுன் உடை வாங்கப் பணம் வேண்டும் என்று அவர் தங்கை ஏற்பாடு செய்த விருந்து அது! பாட்டின் நடுவே தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளை, இரண்டு தட்டுகளைக் கொண்டு மாற்றி மாற்றி நீட்டும் முறையை அவர் கண்டார். நீண்ட தாளத்தின் மேல் பேச்சு ஏறியது. பக்கவாத்தியம் வைத்துக்கொள்ள வகையில்லாதவர்கள் பழைய இசைத்தட்டையே வாத்தியமாக்கிய கதை இது.

தொலைதூரக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். சிறுசேரியிலிருந்து சென்னை நோக்கிப் பழைய மாமல்லபுரம் சாலையில் சென்று பாருங்கள். புறப்படும் இடத்தில் சிப்காட் வளாகத்தின் கண்ணாடி மாளிகைகள். வழியிலே, அச்சாலையை ஒட்டியும் அதற்கு அண்மையிலும், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், கண்ணகி நகர் — சென்னையின் ஆற்றோரங்களிலிருந்தும் கடலோரங்களிலிருந்தும் பெயர்த்தெடுத்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட உழைப்பாளிகளின் குடியிருப்புகள். நகரைக் கட்டியவர்கள் நகருக்கு வெளியே! அவர்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்த சொத்துகளில் ஒன்று கானா. இறந்தவர் வீட்டு இரவுகளில் பாடிப் பாடி வளர்ந்த பாட்டு அது. பிராங்க்ஸின் சொல்லிசையும் சென்னையின் கானாவும் ஒரே வகை மண்ணில் முளைத்தவை.

இங்கே நம்மவர் சிலர் குறுக்கிடுவர்: “ராப் என்ன பெரிய புதுமை? அருணகிரிநாதர் வண்ணத்தில் அன்றே பாடிவிட்டார்!” என்று. புராணத்தில் ஆகாய விமானம் இருந்தது என்று சொல்பவருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? விரைந்த சந்தம் ஒன்றே சொல்லிசையாகிவிடாது. அது எந்த வயிற்றிலிருந்து எழுந்தது என்பதும் சேர்ந்ததே அது. தமிழில் இதற்கு உறவு தேட வேண்டுமானால் தேடுவோம். தேட வேண்டிய இடத்தில் தேடுவோம். ‘பறை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பறை என்றால் கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். தாளமும் பேச்சும் ஒரே சொல்லில் உறங்குகின்றன! அந்தச் சொல்லைத்தான் இழிவுச் சொல்லாக்கினார்கள். ‘சேரி’யும் அப்படியே. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பழம்பொருள். சிறுசேரி, புதுச்சேரி என ஊர்ப் பெயர்களில் இன்றும் அது நிமிர்ந்து நிற்கிறது. ஊருக்கு வெளியே மனிதரைத் தள்ளிய பின், சொல்லையும் அவர்களோடு சேர்த்துத் தள்ளினர். தள்ளப்பட்ட சொல் திரும்பி வருவதே சொல்லிசை.

இந்த வரலாற்றிலிருந்து எடுத்த கோல் இது. மூன்று கேள்விகள். பாட்டு, தான் கண்டதைச் சொல்கிறதா? அதன் சுட்டுவிரல் யாரை நோக்கி நீள்கிறது? பாடியவருக்குப் பேரும் கூலியும் சேர்ந்தனவா? முதலிரண்டும் பாட்டுக்கு, மூன்றாவது நமக்கு!

முதற் கேள்வியால் அளப்போம். 1979-இல் வந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ இக்கலையை உலகின் காதுக்குக் கொண்டுபோயிற்று. களிப்பூட்டும் பாட்டு, ஆனால் களிப்போடு முடிந்த பாட்டு. 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் பெயரில் வெளிவந்த ‘தி மெசேஜ்’ வேறு வகை. மெல்லி மெல், எட் ஃபிளெச்சர் ஆகியோர் எழுதியது. குப்பையும் கடனும், வேலையின்மையும் சிறைவாசமும் அதில் அணி அணியாக வருகின்றன. அறிவுரை இல்லை, அழுகை இல்லை, கண்ட காட்சி மட்டும். விருந்துக் கூடத்தில் பிறந்த கலை அன்று வீதியைப் பார்த்தது.

தமிழில் 1994-இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ வடசென்னைப் பேச்சைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஆனால் நகைச்சுவைச் சரக்காகவே கொண்டுவந்தது. பேட்டை பேசவில்லை, பேட்டையைப் போலப் பேசிக் காட்டினார்கள். 2006-இல் மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா குழு ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டது. 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையமைத்த பாடலை எடுத்து, அதன் மேல் எழுப்பிய ‘மடை திறந்து’ அத்தொகுப்பின் கொடி. தன் திறமையைத் தானே முழங்குவதற்கு மேல் அதில் பொருள் அதிகமில்லை எனலாம். ஆயினும், தமிழின் அசைகள் இந்தத் தாளத்தைத் தாங்குமா என்ற ஐயத்தை அது தகர்த்தது. தோட்டக் கூலிகளாகப் போனவர் பலரின் வழிவந்த சமுதாயத்திலிருந்து அந்தத் துணிவு பிறந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வி கூர்மையானது. கலிபோர்னியாவின் என்.டபிள்யூ.ஏ. குழு 1988-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ தொகுப்பில் காவல்துறையின் கொடுமையைச் சாடும் பாட்டு இருந்தது. 1989-இல் அமெரிக்க மத்தியப் புலனாய்வு நிறுவனத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. அஞ்சாமையைப் போற்றுவோம். அதே குழு பெண்ணைப் பேசும்போது? ஆண்டான் அடிமையைப் பேசிய மொழியே அங்கும்! தலைக்கு மேல் இருக்கும் பூட்ஸ் காலை எதிர்த்த வாய், தன் காலடியில் இருப்பவளை மிதிக்கிறது. 1993-இல் குவீன் லத்தீஃபா ‘யூனிட்டி’ பாடி, தம் இனத்து ஆடவரைப் பார்த்தே கேள்வி கேட்டார். அந்தப் பாட்டில்தான் அக்கலைக்கு முதுகெலும்பு நேராயிற்று என்பேன்.

நம் வீட்டிலும் அதே நோய். 2011-இல் ஹிப்ஹாப் தமிழாவின் ‘கிளப்புல மப்புல’ பரவியது. திரைப்படத்தின் தயவின்றித் தமிழ்ப் பாட்டொன்று இளைஞர் உள்ளத்தை எட்டியது பெருமைதான். பாட்டின் பொருள்? குடித்துக் கூத்தாடும் பெண்ணைக் கண்டிப்பது. பண்பாடு போயிற்றே எனப் பதறுவது! குடிக்கும் ஆணால் போகாத பண்பாடு, பெண்ணால் மட்டும் போய்விடுமா? மனுவின் குரலுக்குப் புதுத் தாளம் கட்டினால் அது புதுக் குரலாகிவிடாது. தமிழன் என்ற பெருமிதம் நன்று; அந்தத் தமிழனுக்குள் தமிழச்சி உண்டா என்று கேட்காத பெருமிதம் வெறும் முழக்கம்.

விரல் சரியான திசையில் நீண்ட பாட்டுகளும் நம்மிடம் உண்டு. 2015-இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் ஆங்கிலத்தில் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’, 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச நஞ்சைப் பற்றியது. 2016 மார்ச்சில் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. பாட்டுதான் வென்றது என்பது மிகை. 15 ஆண்டுக் காலம் போராடியோர் தொழிலாளர்கள். அவர்களுடைய குரலை உலகம் கேட்கும்படி செய்தது பாட்டு. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லைத் தன் பெயராகக் கொண்ட குழு, இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கானாவும் ராப்பும் பறையும் கிட்டாரும் ஒரே மேடையில்! இடஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் பாட்டுப் பொருளாக்கினார்கள். மலர், மதி, மங்கை எனச் சுற்றிவந்த பாட்டு, மனிதனிடம் வந்து நின்றது. அம்மேடையில் வளர்ந்த அறிவு, ஓஃப்ரோவுடன் 2019-இல் ‘தெருக்குரல்’ வெளியிட்டார். தலைப்பே அவர் கோட்பாட்டைச் சொல்லிவிடுகிறது.

இனி மூன்றாவது கேள்வி. நம்மைச் சுடும் கேள்வி. 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யை அறியாதார் இல்லை. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் தீயும் அறிவும் பாடியது, சொற்கள் அறிவுடையவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமின்றித் திரும்பிய தம் பாட்டியின் வாழ்விலிருந்து அவர் அதை எழுதினார். 1964-இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரை எண்ணிக்கை பேசிப் பங்கிட்டதே, அந்தக் கணக்குப் புத்தகத்தில் இடம்பெறாத கண்ணீர் அந்தப் பாட்டில் இருக்கிறது. காட்டைத் திருத்தியவருக்குக் காணி இல்லை என்ற ஒப்பாரி அது. அந்த ஒப்பாரிக்குத்தான் நாம் திருமண மண்டபத்தில் ஆடுகிறோம்!

2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும், பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தனர், அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அவருக்கென ஓர் அட்டை மின்பதிப்பாக வந்தது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட் போட்டிக்கு ஜூலை 28 அன்று சென்னையில் தொடக்க விழா. அங்கே அப்பாட்டு ஒலித்தது. அறிவு மேடையில் இல்லை. அதன்பின் அவர் தம் உழைப்பைப் பற்றி வெளிப்படையாக எழுதினார்; அது கூட்டு முயற்சி என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் விளக்கம் தந்தனர். யார் எவ்வளவு செய்தார் என்று தீர்ப்பளிக்க நாம் நீதிமன்றம் அல்ல. ஆனால் ஒன்று கேட்போம்: விடுபடும் பெயர் ஒவ்வொரு முறையும் ஒரே பெயராக இருப்பது எப்படி?

அமெரிக்காவிலும் இது பழைய கதை. ‘ராப்பர்ஸ் டிலைட்’டின் ஒரு பகுதி, கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவரின் குறிப்பேட்டிலிருந்து எடுத்துப் பாடப்பட்டது, இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. இந்தக் கலையின் முதற் பெருவெற்றியே ஒருவரின் பெயரை விழுங்கி எழுந்ததுதான்! 2018-இல் கென்ட்ரிக் லாமரின் ‘டேம்’ தொகுப்புக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தபோது, சபை கதவைத் திறந்துவிட்டது என்றனர் பலர். பரிசு நன்று. எனினும், ஒருவரை உள்ளே அழைத்து இருக்கை தருவது வேறு. வாசலையே இடிப்பது வேறு.

இப்பகுதிப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் பிள்ளைகள் அந்த எஞ்சாமிப் பாட்டுக்கு அழகாக ஆடினர். “எழுதியவர் யார்?” என்று பின்னர் கேட்டேன். ஆடிய பன்னிரண்டு பேரில் ஒருவரும் அறியார். பிள்ளைகளைக் குறை சொல்வேனா? கற்றுக்கொடுத்தவரும் அறியார், அறிவிப்பாளரும் கூறவில்லை. நாயக்க மன்னன் பெயரையும் பல்லவ மன்னன் பெயரையும் ஆண்டு தவறாமல் ஒப்புவிக்கச் செய்கிறோம். கல்லைச் செதுக்கியவன் பெயரைக் கேட்டோமா? அதே பாடத்தையே பாட்டுக்கும் படிக்கிறோம்.

என் பட்டியல் எது என்று கேட்பீர்கள். ‘தி மெசேஜ்’, ‘யூனிட்டி’, கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் மேடை, எஞ்சாமி — இந்த வரிசையில் நான் நிற்பேன். உங்கள் வரிசை வேறாகலாம்; வாதிடுங்கள். ஆனால் கோடிக் கணக்கைக் காட்டி வாதிடாதீர். கண்டதைச் சொன்னதா, யாரைச் சுட்டியது என்று காட்டி வாதிடுங்கள். வாசகசாலையிலும் மன்றத்திலும் அடுத்த முறை ஒரு பாட்டைப் போடுமுன், எழுதியவர் பெயரை உரக்கச் சொல்லுங்கள். அதற்கு நிதி வேண்டாம், மேடை வேண்டாம், எவருடைய அனுமதியும் வேண்டாம். சேரியின் சொல் வெகுதூரம் வந்துவிட்டது. சொன்னவரின் பெயரும் உடன் வரட்டும்!