மெலிந்த அலையை எப்படி ரசிப்பது?

சிற்றலை வானொலியை 14.100 மெகாஹெர்ட்ஸில் நிறுத்திவைத்தால், உலகின் 18 இடங்களில் உள்ள சிறு நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 10 நொடிதான். முதலில் தன் அழைப்புக்குறியை மோர்ஸில் அடிக்கும். பிறகு ஒவ்வொரு நொடி நீளத்தில் நான்கு கோடுகளை ஒலிக்கும். அழைப்புக்குறியும் முதல் கோடும் 100 வாட் வலுவில் வரும். இரண்டாவது கோடு 10 வாட், மூன்றாவது 1 வாட், நான்காவது வெறும் 0.1 வாட். மூன்று நிமிடத்தில் 18 நிலையங்களும் முடிந்து மறுபடி முதலாவது தொடங்கும். சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் கலிபோர்னியாவின் ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், நடத்தும் ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து அமைத்த ஏற்பாடு இது. 4எஸ்7பி என்ற அழைப்புக்குறியோடு இலங்கைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. மலைநாட்டு இறம்பொடையில் இருந்துகொண்டு, குறைந்த வலுவில் தூரதேசம் போகும் அலைகளை ரசிக்கப் பழக விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. நான்கு கோடுகளுக்கும் புறப்படும் இடம் ஒன்று, வழி ஒன்று. மாறுவது வலு மட்டும். எத்தனையாவது கோடு இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகிறது என்று எண்ணினால், அந்த நேரத்தில் அந்த வழி எப்படி இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஹாம் வானொலியில் 5 வாட், அதற்கும் குறைவு என்று வலுவைச் சுருக்கிக்கொண்டு பேசுகிறவர்களைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகத் தூரத்தைச் சொல்லித்தான் வியக்கிறார்கள். இத்தனை சிறிய வலுவில் இத்தனை ஆயிரம் கிலோமீற்றர் என்று ஒரு கணக்கு. அது தவறான இடத்தில் வைக்கப்படும் வியப்பு. 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 13 டெசிபல். வாங்கியின் முள்ளில் அது ஏறக்குறைய இரண்டு படி. அலைகளை மேலிருந்து நிலத்துக்குத் திருப்பும் அயனமண்டலம் ஏறி இறங்கும்போது அதே அலை ஒரு நிமிடத்துக்குள்ளேயே 20 டெசிபல் எழுந்து விழும். அதாவது, ஒலிபரப்புகிறவர் கையில் உள்ள கூடுதல் குறைவைவிட வானத்தின் கையில் இருப்பது பெரிது. ஏக்கலையில் நேசநாட்டுப் படைகளின் சியாக் வானொலிக்காக நிறுவப்பட்டுப் பின்னர் இலங்கை வானொலிக்கு வந்த சிற்றலைக் கருவியின் வலு 100 கிலோவாட். 5 வாட்டைப் போல் 20,000 மடங்கு. அப்படிப்பட்ட வலுவில் வரும் பாட்டைக் கேட்டவர்கள் பாட்டைக் கேட்டார்கள், அறிவிப்பாளரின் குரலைக் கேட்டார்கள். வானம் அவர்களுக்கு இடையிடையே வரும் ஒரு தொந்தரவு மட்டுமே, அதுவும் நியாயம்தான். 5 வாட்டில் அந்த மேல்மிச்சம் இல்லை. அயனமண்டலத்தின் சிறு அசைவும் நேரடியாகக் காதுக்கு வரும். குறைந்த வலு நமக்குக் காட்டித்தருவது வழியைத்தான். தூரம் அதன் உபரி.

வழியைக் கேட்பதற்கு இறம்பொடை வாய்ப்பான இடமா என்று ஐயப்படலாம். மலை மறைக்கிறதே. ரசனைக்கு அந்த மறைப்பே உதவுகிறது. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில் இந்த ஊர், சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேற்கே கொத்மலை நீர்த்தேக்கத்துப் பக்கம் வெளி அகன்று கிடக்க, தென்கிழக்கில் 2,524 மீற்றர் பிதுருதலாகலை வரை மலை அடுக்கடுக்காக எழுகிறது. நிலத்தோடு ஒட்டி 5 பாகை உயரத்தில் புறப்படும் அலை, 300 கிலோமீற்றர் உயரத்தில் திரும்பினால், ஒரே தாவலில் 2,900 கிலோமீற்றர் வரை போகும். எதிரே உள்ள மேடு 20 பாகை வரை வானத்தை மறைத்தால், அதற்கு மேலால் போகும் அலைக்கு ஒரு தாவல் 1,400 கிலோமீற்றருக்கும் குறைவு. அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு தாவல். ஒவ்வொரு தாவலிலும் நிலத்திலும் வானிலும் கொஞ்சம் இழப்பு. இதைக் காதால் சோதிக்க இரண்டு நிலையங்கள் தோதாக அமைந்திருக்கின்றன. மேற்கு அவுஸ்திரேலியாவின் விகே6ஆர்பிபி, இஸ்ரேலின் 4எக்ஸ்6டியூ. இரண்டும் இறம்பொடையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம், ஐயாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றரை ஒட்டி, திசைதான் நேரெதிர். முன்னது மூன்று நிமிடச் சுற்றின் 50ஆவது நொடியில் தொடங்கும், பின்னது சரியாக இரண்டாவது நிமிடத்தில். முற்பகல் 11 மணியளவில் கேட்பது நல்லது. அப்போது அவுஸ்திரேலியாவில் பிற்பகல், இங்கே முற்பகல், இஸ்ரேலில் காலை. இரண்டு வழியும் வெயிலில் இருக்கும் என்பதால் ஒப்பீடு நியாயமாக இருக்கும். மேற்கு நிலையம் மூன்றாவது கோடு வரை நிற்க, தென்கிழக்கு நிலையம் இரண்டாவதிலேயே மறைந்தால் முதல் சந்தேகம் மலைமேல் விழும். ஆனால் உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. கம்பி கட்டிய திசையும் அதைச் செய்யும், பருவமும் செய்யும். கம்பியைத் திருப்பிக் கட்டிக் கேட்க வேண்டும். முடிந்தால் மேலே லபுக்கலைப் பக்கம் ஏறி நின்று கேட்க வேண்டும். சில நிலையங்கள் பழுதுபட்டுச் சில காலம் ஓய்ந்துகிடப்பதும் உண்டு. மௌனத்துக்கெல்லாம் மலையைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்துக் கேட்க வேண்டியது நேரத்தை. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனைக்கும் இலங்கைக்கும் பக்கமாகப் போகிறது. 1963 நவம்பர் 21இல் இந்தியா தன் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்ததற்கும் அதுதான் காரணம். இந்தக் கோட்டின் அண்டையில், சூரியன் இறங்கியபின் அயனமண்டலத்தின் மேலடுக்கு சட்டென்று உயர்ந்து, பிறகு சில இரவுகளில் குமிழ் குமிழாகக் கிழிந்துபோகும். அப்போது அந்த வழியே வரும் மோர்ஸ் ஒலி தெளிந்த சுருதியில் நிற்காது. தொண்டை நடுங்குவதுபோல் விடுவிடென்று அதிரும். பகலில் கேட்கும் ஏற்ற இறக்கம் வேறு வகை: மெல்ல எழுந்து, நின்று, மெல்ல அடங்கும். அது ஒரே அலை இரண்டு வழியாக வந்து ஒன்றோடொன்று கூடியும் முரண்பட்டும் நிற்பதன் விளைவு. இந்த இரண்டு நடுக்கத்தையும் பிரித்தறிகிற காது வந்துவிட்டால், சாளரத்தைத் திறக்காமலே நேரம் என்னவென்று சொல்லலாம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு மாறினால் இன்னொரு பாடம். பகலில் அயனமண்டலத்தின் கீழடுக்கு அந்த அலைகளை உறிஞ்சிவிடுவதால் பக்கத்து நாடுகள்தான் கேட்கும். மாலையில் அந்த அடுக்கு கரைய, தூரம் திறக்கும். பூமத்திய ரேகைப் பக்கம் அந்திப் பொழுது குறுகியது என்பதால் இந்த மாற்றம் இங்கே விறுவிறுப்பாக நடக்கும். வட ஐரோப்பாவில் உள்ளவர்களுக்கு அது இழுத்துக்கொண்டே போகும்.

இதற்கெல்லாம் என்ன தேவை, தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் டொரோண்டோவுக்கு முகம் பார்த்துப் பேசலாமே என்று கேட்பார்கள். சாதாரணமாகத் தரப்படும் பதில், பேரிடரில் உதவும் என்பது. அது உண்மை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலைவழி செய்தி கொண்டுவந்தவர்கள் ஹாம்கள். ஆனால் ரசனைக்கு அந்தப் பயனை முட்டுக்கொடுக்கக் கூடாது; பேரிடர் வராத நாட்களில் முட்டு விழுந்துவிடும். கைத்தொலைபேசி தன் வழியை ஒளிப்பதற்காகவே செய்யப்பட்டது. கோபுரம், கடலடிக் கேபிள் எதுவும் நமக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அதன் வெற்றி. இங்கே வழி மட்டும்தான் தெரிகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது வீண்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. இன்று மெலிந்த அலைகளைக் கண்டுபிடிப்பது காது இல்லை, கணினி. 1993இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்ட விஸ்பர் என்ற முறையில், ஒரு நிலையம் தன் அழைப்புக்குறி, இருப்பிடக் கட்டம், வலு ஆகிய மூன்றையும் இரண்டு நிமிடத்தில் மெதுவாக அனுப்பும். காதுக்கு இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காத இடத்திலும் கணினி அதைப் படித்துவிடும். 0.2 வாட்டும் கண்டம் தாண்டும். அப்படியானால் ரசிப்பதற்கு என்ன மிச்சம்? விஸ்பரைத் தொடர்பென்று எடுத்தால் எதுவும் மிச்சமில்லை. ஆனால் அது தொடர்பென்று நடிப்பதே இல்லை. அது ஒரு அளவுகோல். ஒரு நாள் முழுக்க எந்தெந்த மணிக்கு எந்தத் திசை திறந்தது என்று அது தருகிற பட்டியலை, காதால் கேட்டுவைத்த குறிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல வேலை. 2017இல் வந்த எஃப்டி8தான் சங்கடம். 15 நொடிக்கு ஒரு முறை இரண்டு கணினிகள் இலக்கம் மாற்றிக்கொள்ள, மனிதர் நாடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருப்பார். அதில் இன்பமில்லை என்று சொல்ல முடியாது; அது சேகரிப்பவரின் இன்பம், கேட்பவருடையதன்று.

தூரத்தைப் பெருமைப்படுத்துவதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. 5 வாட்டில் ஒருவர் அழைத்து, பின்லாந்தில் ஒருவர் பதில் சொன்னால், அந்தத் தொடர்பில் பெரும்பங்கு பின்லாந்துக்காரருடையது. அவருடைய உயர்ந்த அன்டனாவும் பொறுமையான காதும்தான் சாதித்தவை. 1924 அக்டோபர் 18இல் நியூசிலாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே முதல் இருவழித் தொடர்பு நடந்தபோது, ஒரு முனையில் ஷாக் பள்ளத்தாக்கின் ஆட்டுப் பண்ணையில் ஃபிராங்க் பெல். மறுமுனையில் லண்டன் மில் ஹில் பள்ளியின் மாணவர் செசில் கோய்டர். கோய்டர் பின்னர் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக வந்தார் என்பது நம் பக்கத்தில் பலரும் அறியாத செய்தி. வரலாறு பெரும்பாலும் அனுப்பியவரையே முன்னே நிறுத்துகிறது. அன்று இரண்டு முனையிலும் கேட்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது.

ஆகவே கேட்பதிலிருந்தே தொடங்கலாம். சாதாரண சிற்றலைப் பெட்டி போதாது; எஸ்எஸ்பி என்ற வசதி உள்ள வாங்கி வேண்டும், இல்லாவிட்டால் மோர்ஸ் ஒலி வெறும் மூச்சாகக் கேட்கும். வீட்டு இறப்பிலிருந்து ஒரு நிழல் மரத்துக்குப் பத்து மீற்றர் கம்பி இழுத்துக் கட்டினால் அன்டனா தயார். மலிவான எல்ஈடி விளக்குகளும் தொலைபேசிச் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சலில் 1 வாட் கோடு மூழ்கிவிடும்; அவற்றை அணைத்துவிட்டுக் கேளுங்கள், மின்வெட்டு வந்தால் அது வரம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி கிளம்பினால் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். இதில் சமரசமே இல்லை. அனுப்ப ஆசைப்படுகிறவர் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையை எழுதி அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். முதற்படி அதிகம் கடினமில்லை. கிடைத்ததும் விஸ்பரில் இருப்பிடக் கட்டத்தைப் பதியும்போது கவனம் தேவை. கொழும்பு எம்ஜே96இல் இருக்கிறது, நுவரெலியா என்ஜே06இல். ஏழாம் அட்சக்கோட்டுக்குச் சற்று வடக்கே நிற்பதால் இறம்பொடைக்கு என்ஜே07.