கவணும் கல்லும்: தேம்பாவணி காட்டும் இறைவலிமை

மனித வலிமையை நம்பாதே, இறைவனின் வலிமையை நம்பு என்பது மறையுரைகளில் நாம் அடிக்கடி கேட்கும் அறிவுரை. கேட்டுப் பழகிய அறிவுரைகளுக்கு ஓர் ஆபத்து உண்டு. அவற்றின் பொருளை நாம் ஆராய்வதே இல்லை. இறைவலிமையை நம்புவது என்றால் மனிதன் தன் திறமையைக் கைவிட வேண்டுமா? உழைப்பும் பயிற்சியும் விசுவாசத்துக்குப் பகையா? இவ்வினாக்களுக்கு நம் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தின் தலைசிறந்த காப்பியமாகிய தேம்பாவணியில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதுக்கோட்டை மாவட்டத்தாருக்குத் தேம்பாவணி அயலார் நூல் அன்று. விராலிமலைப் பகுதியில் அமைந்த ஆவூர், வீரமாமுனிவர் பணியாற்றிய தலங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் அங்கு நடைபெறும் பாஸ்காவுக்கும் தேர்த் திருவிழாவுக்கும் சமய வேறுபாடின்றி மக்கள் கூடுவதை நாம் அறிவோம். இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்து, 1711இல் தமிழகம் வந்தடைந்த அவர், அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள், 1726இல், மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியத்தை இயற்றி முடித்தார். வேற்றுமொழியாளர் ஒருவர் எய்திய இத்திறம் வியப்புக்குரியது. மனிதத் திறமையின் உச்சி என்று சொல்லத்தக்க இந்நூல்தான் மனிதத் திறமையை நம்பாதே என்றும் பாடுகிறது. இது முரண்பாடு அல்லவா?

நூலின் தலைவர் புனித சூசையப்பர். முனிவர் அவருக்கு வளன் என்று தமிழ்ப்பெயர் சூட்டினார். பெருங்காப்பியத் தலைவன் தன்னிகரில்லாதவனாக இருக்க வேண்டும். போரும் வெற்றியும் காப்பியத்தில் இடம்பெற வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த நெறி. சூசையப்பரோ தச்சர். நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. கனவில் கட்டளை பெறுகிறார்; எழுகிறார்; நடக்கிறார். போரே அறியாத தலைவருக்குப் போர்க்களத்தை எங்கிருந்து கொண்டுவருவது? முனிவர் அவருடைய குலமுதல்வரிடம் சென்றார். வளன் சனித்த படலத்தில் தாவீது, கோலியாத்து வரலாற்றை விரித்துப் பாடினார்.

இதைக் காப்பிய இலக்கணத்துக்காகச் சேர்த்த வெறும் முன்கதை என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறு கருதுவதற்கில்லை. வாளும் வேலும் இல்லாமல், பிறர் ஏளனம் செய்த இளைஞன் ஒருவனால் இறைவன் தம் மக்களை மீட்டார் என்பது தாவீதின் வரலாறு. அரசும் படையும் இல்லாத தச்சர் ஒருவரின் பாதுகாப்பில், ஏரோதின் வாளுக்கு இறைவன் தம் திருமகனைத் தப்புவித்தார் என்பது சூசையப்பரின் வரலாறு. முன்னது பின்னதற்கு முகவுரையாக நிற்கிறது.

இனி அப்பகுதியின் உயிர்நாடியான பாடலுக்கு வருவோம். தாவீது கல்லைக் கவணில் ஏற்றியதையும், கவணைச் சுழற்றியதையும், கல்லை விரைந்து விடுத்ததையும் ஒருவரும் காணவில்லை. இடியென அக்கல் பகைவனின் நெற்றியில் பாய்ந்ததையும், கதிரவன் வர இருள் ஓடியதைப் போல் அவன் வீழ்ந்ததையும் மட்டுமே கண்டனர். இதுவே பாடலின் கருத்து. தமிழ் படித்தோர்க்கு உடனே கம்பர் நினைவுக்கு வருவார். இராமன் சிவதனுசை எடுத்ததைக் கண்டவர்கள், அடுத்த கணம் அது முறிந்த ஓசையைத்தான் கேட்டார்கள் என்பது கம்பர் காட்சி. முனிவர் கம்பரிடம் கற்றிருக்கிறார் என்பது வெளிப்படை. ஆனால் கற்றதை அவர் வேறொரு பொருளுக்கு ஆக்கிக்கொண்டார். கம்பரில் அவையோர் வில்லை எடுத்த கையைக் கண்டார்கள். அந்த விரைவு நாயகனின் ஆற்றலுக்குச் சான்று. தேம்பாவணியிலோ கையின் தொழில் முழுவதும் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. விளைவு மட்டுமே தெரிகிறது. வென்றவர் யார் என்று கேட்டால் இளைஞனின் கையைச் சுட்டிக்காட்ட அங்கே எவராலும் இயலாது. இறைவலிமை என்னும் கருத்தை அறிவுரையாகக் கூறாமல் காட்சியின் அமைப்பிலேயே வைத்ததுதான் இப்பாடலின் சிறப்பு.

எனினும் கை மறைந்ததேயன்றி இல்லாமற் போகவில்லை. கல்லை ஏற்றியதும் கவணைச் சுழற்றியதும் நடந்தவைதாம், காணப்படாதவை, அவ்வளவே. சாமுவேல் முதல் நூலும் இதையே கூறுகிறது. ஆட்டைத் தூக்கிச் சென்ற சிங்கத்தையும் கரடியையும் எதிர்த்துப் போரிட்ட அனுபவத்தைத் தாவீது சவுலிடம் எடுத்துரைக்கிறார். ஓடையில் வழுவழுப்பான ஐந்து கற்களைத் தேர்ந்தெடுக்கிறார். நம் பகுதியில் வயல்களில் கிடை போடும் கீதாரிகளைக் கேட்டால், ஆடு காப்பவனுக்கு எத்துணைக் கூர்மையான கண்ணும் கையும் வேண்டும் என்பதைச் சொல்வார்கள். ஆக, தாவீதிடம் திறமை இருந்தது. அவர் மறுத்தது சவுலின் கவசத்தை மட்டுமே. தமக்குரியதல்லாத வலிமையை அணிந்துகொண்டு நடக்க அவரால் முடியவில்லை. தம்மிடம் இருந்த எளிய திறமையைக் கையாண்டார். வெற்றியை அதற்கு உரியதாக்காமல் ஆண்டவருக்கு உரியதாக்கினார். திறமையைப் பயன்படுத்துவது வேறு, திறமையில் நம்பிக்கை வைப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

இந்த அளவுகோலை முனிவரின் நூலுக்கே பொருத்திப் பார்ப்பது முறை. காப்பிய மரபு என்னும் சவுலின் கவசத்தை அவர் அணிந்துகொண்டாரா? சில இடங்களில் அணிந்துகொண்டார் என்றே சொல்ல வேண்டும். நாடும் நகரமும் பாடும் வருணனைகளிலும், அடுக்கடுக்கான அணிகளிலும், பேசாத சூசையப்பரின் மௌனம் சில வேளைகளில் மூழ்கிப்போகிறது. பெத்லகேம் தொழுவத்தின் வறுமையைத் தேடிச் செல்லும் வாசகர் சொற்செல்வத்தின் நடுவே தயங்கி நிற்க நேரிடுகிறது. இதைக் குறை என்று சொல்வதால் முனிவரின் பெருமை குன்றிவிடாது.

ஆனால் அந்தக் கவசம் கழன்று விழும் இடங்களும் உண்டு. அவற்றுள் முதன்மையானது கருணையனின் புலம்பல். திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் தந்த பெயர் கருணையன். கானகத்தில் தாய் எலிசபெத்தம்மையார் இறந்துவிட, தனித்து விடப்பட்ட மகன் அழுகிறான். உயிர் வாழும் வகை அறியேன், உணவு தேடும் முறை அறியேன், காட்டு வழி அறியேன் எனத் தனக்குத் தெரியாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுகிறான். மழைத்துளி பெறாத இளம்பயிர் மணி பிடிக்கும் முன்னே காய்ந்ததைப் போலக் காய்ந்தேன் என்கிறான். மரமும் பறவையும் அவனோடு அழுகின்றன. வானம் பார்த்த மண்ணில் கண்மாய் நிரம்புமா என்று காத்திருப்பவர்க்கு இவ்வுவமையை யாரும் விளக்கத் தேவையில்லை. எதுவும் அறியேன் என்று அழுத அதே பிள்ளைதான் பின்னர்ப் பாலைநிலத்தில் ஒலித்த குரலானார். அவர் பெருக வேண்டும், நான் சிறுக வேண்டும் என்னும் உள்ளம் பெற்றார்.

இது நம் வாழ்வைத் தொடும் செய்தி. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசியபோது ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் பல ஆண்டு உழைப்பில் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. அத்தகைய வேளையில், விசுவாசம் குறைந்ததால் வந்த இழப்பு என்று ஒருவர் சொல்வாரானால் அது கருணையனின் கண்ணீரை அவமதிப்பதாகும். அழுவது அவநம்பிக்கை அன்று. இறைவலிமையை நம்பியவனுக்குப் புயல் வராது என்று விவிலியம் எங்கும் வாக்களிக்கவில்லை. விழுந்த மரத்தை அறுத்து அகற்றிவிட்டு, அதே குழியில் மீண்டும் கன்று வைத்தவனின் கையே நம்பிக்கை இன்னதென்று காட்டுகிறது. நடுவது அவன் கடமை. விளைச்சல் ஆண்டவர் பொறுப்பு.

தன் முயற்சியாலேயே மீட்படையலாம் என்னும் பெலாஜியக் கொள்கையைப் புனித அகுஸ்தினார் மறுத்தார். அது இன்றும் புதிய வடிவில் திருச்சபைக்குள் நடமாடுகிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் எச்சரித்தார். அவரே 2020ஆம் ஆண்டு சூசையப்பரைப் பற்றி எழுதிய ‘பாத்ரிஸ் கோர்தே’ மடலில், இறைவன் நம் வலுவின்மையின் வழியாகவும் செயலாற்றுகிறார் என்றார். அதே மடலில் சூசையப்பரின் ஆக்கத்திறன் மிக்க துணிவையும் போற்றினார். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பதே தேம்பாவணி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

ஆகவே தொடக்கத்தில் முரண்பாடாகத் தோன்றியது முரண்பாடு அன்று. முனிவர் தமிழைப் பாடுபட்டுக் கற்றார். கற்றதைக் கல்லாகக் கவணில் ஏற்றினார். எங்கெல்லாம் அவருடைய கை நம் கண்ணுக்கு மறைகிறதோ, அங்கெல்லாம் நூல் வெல்கிறது. பங்குப் பணியில், பிள்ளை வளர்ப்பில், வயலில், அலுவலகத்தில் நம் கையும் அவ்வாறே ஓயாது உழைக்கட்டும். உழைத்தபின் மறைந்து நிற்கவும் கற்றுக்கொள்ளட்டும்.