பொய்க்கிளையும் மூன்று பள்ளிகளும்

சாரல் நேரத்தில் குற்றாலத்துப் பாறைகள் கறுத்து வழுக்கும். தென்காசிப் பக்கத்து வரப்புகளில் மழை விட்ட சில நாளில் கரும்பச்சையாய் ஒரு தோல் மண்மேல் படியும். வெயிலும் ஈரமும் மாறி மாறி வரும் இத்தகைய இடங்களில், வெப்பமண்டலமெங்கும் பரவலாகக் கிடைக்கும் நீலப்பச்சைப்பாசி சைட்டோனீமா.

ஊசிமுனையால் கொஞ்சம் கிள்ளி, ஒரு சொட்டு நீரில் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தால், செல்கள் வரிசையாய் நிற்கும் இழையும் அதைப் போர்த்திய பழுப்பு உறையும் தெரியும். ஓரிடத்தில் இழை அறுந்து, இரு முனைகளும் உறையைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் நீண்டிருக்கும். பார்வைக்குக் கிளைதான், ஆனால் எந்தச் செல்லும் பக்கவாட்டில் பிளவுபட்டிருக்காது. ஆகவே இது பொய்க்கிளை. ஹெட்டிரோசிஸ்ட் என்பது காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் தனிச் செல். இரு ஹெட்டிரோசிஸ்ட்டுகளுக்கு நடுவே கிளை இரட்டையாகக் கிளம்பினால் சைட்டோனீமா. ஹெட்டிரோசிஸ்ட்டை ஒட்டி ஒற்றையாகக் கிளம்பினால் டோலிப்போத்ரிக்ஸ். ஒரே இழையில் இரண்டும் தென்பட்டால்தான் வழக்கு.

இத்தகைய வழக்குகளில் பெயரிடுவது எப்படி என்பதில் மூன்று பள்ளிகள் உண்டு. உருவமே சான்று என்றது முதல் பள்ளி. ஹெட்டிரோசிஸ்ட் உள்ள இழைப்பாசிகளின் பெயர்க்கணக்கு, போர்னே, ஃப்ளாஹோ இருவரும் 1886 முதல் 1888 வரை வெளியிட்ட நூலிலிருந்து தொடங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியலை வேரூன்ற வைத்தவர் எம்.ஓ.பி. அய்யங்கார். அவர் மாணவர் டி.வி. தேசிகாச்சாரியின் ‘சயனோஃபைட்டா’ 1959இல் வந்தது. நம் மாணவர்களுக்கு இன்றும் கைநூல் அதுதான்.

நீலப்பச்சைப்பாசியும் பாக்டீரியாதான், எனவே வளர்த்துப் பார்த்தே பெயரிட வேண்டும் என்றது இரண்டாவது பள்ளியான ஸ்டேனியர் அணி. ரிப்காவும் ஸ்டேனியரும் சகாக்களும் 1979இல் தூய வளர்ப்புகளை வைத்து ஐந்து பிரிவுகள் வகுத்தார்கள். ஒழுங்கான வேலைதான். ஆனால் அமோனியம் தாராளமாய்க் கிடைக்கும் ஊடகத்தில் ஹெட்டிரோசிஸ்ட்டே உருவாகாது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் தேவை அதற்கு அங்கே இல்லை. மங்கிய விளக்கொளியில் உறையின் பழுப்பும் வெளிறிவிடும். பாறையில் இருந்த அடையாளம் குடுவையில் பாதி போய்விடும்.

மூன்றாவது பள்ளி, ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான 16எஸ் மரபணுவைப் படிக்கிறது. சைட்டோனீமாவைப் போலவே தோன்றிய ஒன்று 2007இல் பிரசிலோனீமா என்ற தனிப் பேரினமானது இந்த வழியில்தான். அதற்காகப் பழைய படங்களைப் பரணில் போட வேண்டியதில்லை. மரபணு வரிசை மட்டும் கையில் இருந்தால், அது வெயில் பாறையில் பிடித்ததா, நிழல் மண்ணிலா என்று யாருக்குத் தெரியும்?

என் அளவுகோல் இது: ஒரே பாறையின் வெயில் பக்கம், நிழல் பக்கம் இரண்டிலும், சாரலிலும் கோடையிலும் மாதிரி எடுத்து, இழையை வரைந்து, பிறகு வளர்த்து, அதன்பின் மரபணுவுக்கு அனுப்ப வேண்டும். பெயரைக் கடைசியில் எழுதலாம்.